ஸ்டெல்லாக்காவின் எழும்பூர்

வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டெல்லாக்கா இறந்த செய்தி வந்தபோது எனக்கு மீசையின் இடது பாதிக்கு மட்டும் சாயம் பூசி முடித்திருந்தார்கள். வலது பாதி என் உண்மையான வயதில் இருந்தது. மீசைக்குச் சாயம் பூசுகிறவன் என்பதே இதுவரை வீட்டுக்கு வெளியே தெரியாத ரகசியம். வேளச்சேரியில் எங்கள் தெருவைத் தாண்டி நாலு தெரு தள்ளி ஒரு சலூனுக்குப் போவதே அதனால்தான்.

கூப்பிட்டவர் சண்முகவேல் அண்ணாச்சி. தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். கடை திறந்திருக்கும் நேரத்தில் பெற்ற பிள்ளைக்குக்கூட போன் செய்யமாட்டார்.

“எங்கவே இருக்கீரு?”

“சலூன்ல அண்ணாச்சி.”

“ஸ்டெல்லாம்மா போயிட்டாவவே. காலையில பால்காரர் பெல் அடிச்சிருக்காரு, தொறக்கல. எதிர்வீட்டு மாமிகிட்ட இருந்த சாவியைப் போட்டுத் தொறந்தா, நாற்காலியில உக்காந்த மேனிக்கே இருந்திருக்காவ. நேரா வந்து சேரும்.”

எழுந்துவிட்டேன். “இன்னா சார், இன்னொரு பக்கம் அப்டியே கீது, எழுந்துக்கினு போற?” என்று சலூன்காரர் பின்னாலேயே வாசல்வரை வந்தார். நான் ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் அந்தப் பழைய நாலு வீட்டுக் கட்டடத்தின் மாடியேறும்போது கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டேன். துக்கம் தாளாமல் பொத்தியிருக்கிறேன் என்று நினைத்து இரண்டு பேர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். அதில் ஒருவர் பங்குச் சாமியார். மீசையை மறைக்கத்தான் பொத்தினேன் ஃபாதர், மன்னித்துவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் பொத்திக்கொள்ள வேறு காரணமும் வந்துவிட்டது.

கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவர். நெற்றிக்கு மேலே தூக்கிவிட்ட மூக்குக்கண்ணாடி இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பின்னறைக் கதவு பாதி திறந்திருந்தது. அதற்குள் பழைய புடவைகளில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சட்டத்தில் அடுக்கிய பொதிகள். மேல் பொதியில் அவருடைய சீரான கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘சாய்க்கக் கூடாது.’ அதற்கு மேல் பார்க்க எனக்குத் தெம்பில்லை. எத்தனை பொதி என்றுகூட எண்ணவில்லை. அந்தப் பொதிகள் என் வீட்டுக்கு வரக் காத்திருந்தவை.

அவரை அறிந்தவர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் அவரை அறியாதவர்களும், எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த ஒன்றிரண்டு பேரும் இதைப் படிக்கலாம். ஸ்டெல்லாக்காவுக்கு வயது எழுபத்தொன்று. மருத்துவமனையொன்றில் எக்ஸ்ரே எடுப்பவராக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவுடன் இருந்தார், பிறகு அம்மா இல்லாமல் இருந்தார். குட்டி ரயில், குட்டி ஸ்டேஷன், குட்டி ஊர் என்று கட்டிக்கொண்டிருக்கும் எங்களைப் போன்ற வேலையற்ற ஏழெட்டுப் பேரில் ஒரே பெண். எங்களில் ஒழுங்காக எதையாவது கட்டியவரும் அவர் ஒருவர்தான்.

அவருக்கு இந்தப் பைத்தியம் மாதா கோயில் குடிலில் இருந்து பிடித்தது. கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் மாட்டுக்கொட்டில் ஜோடிப்பது அவர் குடும்பத்தின் பொறுப்பு. ஒரு வருஷம் வைக்கோலுக்கும் ஆட்டுக்குட்டிகளுக்கும் நடுவே சாவி கொடுத்தால் ஓடும் ரயில் ஒன்றை விட்டிருக்கிறார். அப்போதிருந்த சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, “பெத்லகேமுக்கு ரயில் எதுக்கும்மா?” என்று கேட்டாராம்.

“மூணு ராஜாவும் ஒட்டகத்துல வந்தா லேட்டாகும் ஃபாதர்.”

மறுவருஷம் குடில் வேறு குடும்பத்துக்குப் போய்விட்டது. ரயில் இவரோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

நான் அவரை முதலில் சந்தித்தது எறும்பு விஷயமாக. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி போட வேண்டும் அல்லவா? விற்கிற ஜல்லி பொடி வாங்கச் சோம்பேறித்தனப்பட்டு, ரவையில் கறுப்பு மசி கலந்து காயவைத்துத் தூவினேன். தத்ரூபமாக இருந்தது. கூட்டத்தில் எல்லோருக்கும் படம் காட்டிப் பீற்றிக்கொண்டேன். அந்த வாரமே எறும்புகள் வரிசையாக வந்து விழுப்புரத்திலிருந்து திண்டிவனம்வரை என் ரயில்பாதையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. அடுத்த ஞாயிறு இதைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டெல்லாக்கா மட்டும் சிரிக்காமல், “வறுத்த ரவையா, வறுக்காததா தம்பி?” என்று கேட்டார். ஒரு விபத்தின் முழு அறிக்கை வேண்டும் அவருக்கு.

இன்னொரு முறை அவருக்கு நல்லது செய்வதாக நினைத்து ஒரு பெட்டி யுத்தகாலச் சிப்பாய் பொம்மைகள் வாங்கிக்கொண்டு போனேன். அவர் அதிலிருந்து ஒருவனை எடுத்துத் தம் பிளாட்பாரத்தில் ரயில் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். சிப்பாயின் தலை பெட்டிக் கதவின் மேல்சட்டத்தை இடித்துக்கொண்டிருந்தது. எங்கள் ரயில்கள் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. ஆள் இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்கமாட்டான். நான் வாங்கியதோ எழுபத்திரண்டில் ஒரு பங்கு.

“இவங்க யுத்தத்துல ஜெயிச்சுடுவாங்க தம்பி. ஆனா வீட்டுக்குத் திரும்ப ரயில் ஏற முடியாது, தலை இடிக்கும்” என்றார். பிறகு, “இனிமே எதையும் அளக்காம வாங்காதீங்க” என்றார். அதைக் கேட்டிருக்கலாம்.

சரி, அந்தப் பிளாட்பாரம்.

நாற்பத்திரண்டாம் வருஷம் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சென்னையே காலியான கதை உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். இவாக்குவேஷன் என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் சர்வசாதாரணமாகச் சொல்லும் வார்த்தை. அக்காவின் அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. எழும்பூரில் ரயிலேறித் திருச்சியில் உறவினர் வீட்டுக்குப் போனார்கள். எட்டு மாதம் கழித்துத் திரும்பினார்கள். குண்டு என்னவோ பெரிதாக விழவில்லை. ஆனால் அந்த ஒரு பகல் அந்தச் சிறுமியின் கண்ணுக்குள் விழுந்து அங்கேயே கிடந்துவிட்டது. அம்மா சொல்லச் சொல்ல மகள் கட்டினார். பதினோரு அடி நீளம், இரண்டரை அடி அகலம். பதினான்கு வருஷம்.

கறுப்புத் தொப்பி போட்ட விளக்குகள், காகிதம் ஒட்டிய ஜன்னல்கள், பட்டினப்பாக்கத்து மணலைச் சலித்துத் துணியில் கட்டிய, அரிசி அளவு மணல் மூட்டைகள். நானூற்றுச் சொச்சம் ஜனங்கள். ஒருத்தி ஆட்டுக்கல்லைத் தூக்கிக்கொண்டு போகிறாள், குழவி புருஷன் கையில். ஒருவர் ஹார்மோனியத்தின் மேல் உட்கார்ந்து அழுகிறார். இரண்டு பேர் ஒரு நிலைக்கதவைக் கழற்றித் தூக்கி வந்திருக்கிறார்கள். “வீட்டைத்தான் தூக்க முடியல, கதவாவது இருக்கட்டும்னு நினைச்சிருப்பாங்க” என்பார் அக்கா. டீத்தூள் காயவைத்து மண். துடைப்பக் குச்சியில் கம்பங்கள். எழும்பூர் அப்போது மீட்டர் கேஜ் என்பதால் கடையில் கிடைக்கும் அகலத் தண்டவாளத்தைத் தொடமாட்டார். குறுகலான ஒன்றைத் தேடிப் பிடிக்க மட்டும் ஒன்றரை வருஷம் ஆனது.

கண் வரைவது பெரிய சடங்கு. நானூறு பேருக்கும் கண் உண்டு. தூரிகையை எடுத்துவிட்டு, தனக்குத்தானே ஆஸ்பத்திரிக் குரலில், “மூச்சை இழுங்க… புடிங்க…” என்பார். ஒரு புள்ளி. “விடலாம்.” சுற்றி நின்றிருக்கும் நாங்களும் மூச்சை விடுவோம். அண்ணாச்சி ஒரு தடவை பிடித்த மூச்சை விட மறந்து இருமி, ஒரு போர்ட்டருக்கு மூக்கில் கண் விழுந்தது. அந்தப் போர்ட்டரை அக்கா மாற்றவேயில்லை. “அந்தக் கூட்டத்துல எவனுக்குக் கண்ணு எடத்துல இருந்திருக்கும்?” என்றார்.

எதிர்வீட்டு மாமிக்கு அது கடைசிவரை கொலுதான். “ஏன்டி ஸ்டெல்லா, உங்காத்துல மட்டும் வருஷம் பூரா கொலு வெச்சுண்டிருக்கியே, சுண்டல் எங்கேடி?” என்பாள்.

“சாமியெல்லாம் ஊரைவிட்டு ஓடிட்டிருக்கு மாமி. வண்டி கிளம்பினப்புறம் சுண்டல் தரேன்.”

வண்டியை ஒரு கூட்டத்துக்கு ஒரு தடவைதான் விடுவார். புறப்பட்டு, தீட்டிய திரைக்குப் பின்னால் வளைந்து போய், நாற்பது விநாடியில் மறுபுறம் வந்து நிற்கும். அது அவருக்கு எப்போதும் ஒரு சங்கடம். “நம்ம வண்டி நாற்பது செகண்டுல திரும்பிடுது. இவங்க எல்லாரும் திரும்பினாங்களான்னு அம்மாவுக்கே தெரியாது” என்று ஸ்விட்சை அணைத்துவிடுவார்.

எங்களில் யாரும் மறக்கமுடியாத ஒரு ஞாயிறு உண்டு. அவர் அம்மாவுக்கு மறதி முற்றிவிட்டிருந்த காலம். மகளைப் பார்த்து, “நீங்க எந்த வார்டு சிஸ்டர்?” என்று கேட்பார். அன்றைக்கு அவரைச் சக்கர நாற்காலியில் பின்னறைக்குக் கொண்டுவந்தார் அக்கா. நாற்காலியில் உட்கார்ந்தால் பெரியவரின் கண் சரியாகப் பிளாட்பாரத்தின் மட்டத்துக்கு வரும். கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு கூடைக்காரியின் கூடையில் இருந்த வெள்ளைக் கோழியை விரலால் காட்டி, “அது கறுப்பு” என்றார்.

அக்கா கோழியைக் கிடுக்கியால் எடுத்து அங்கேயே கறுப்படித்தார். அம்மா தலையாட்டினார். அப்புறம் மகளைப் பார்த்து, “நீங்களும் இந்த வண்டிக்குத்தான் வந்தீங்களா?” என்று கேட்டார்.

“ஆமா” என்றார் ஸ்டெல்லாக்கா.

இந்த நானூறு பேரில் உங்கள் அம்மா யார் என்று நான் ஒருமுறை கேட்டேன். “அம்மா இதுல இல்ல தம்பி. அம்மா பார்த்ததுதான் இருக்கு” என்றார். அதனால்தான் வருகிறவர்களையெல்லாம் முட்டி போட்டுப் பார்க்கச் சொல்வார். மேலிருந்து பார்த்தால் அது பொம்மை. ஒன்பது வயது உயரத்துக்கு இறங்கினால்தான் இடுப்புகளும் மூட்டைகளும் தொங்கும் கைகளுமாக ஒரு காடு தெரியும். என் முட்டி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். இறங்கினால் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். அப்படியும் இறங்கியிருக்கிறேன்.

இனிமேல்தான் என் பாகம் வருகிறது. இங்கே நிறுத்திக்கொண்டால் நல்ல நினைவஞ்சலி. நிறுத்த முடியவில்லை.

போன ஆடியில் அந்த நாலு வீட்டுக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவதென்று முடிவானது. மார்ச் முடிவுக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும். இரண்டு வருஷம் கழித்துப் புது வீட்டுக்குத் திரும்பலாம். இடையில் தங்க அக்காவுக்குப் பெருங்குடியில் ஒரு சின்ன வீடு அமைந்தது. அங்கே கட்டில் போட்டால் அலமாரி போட முடியாது. எழும்பூரை எங்கே வைப்பது?

ஒரு ஞாயிறு கூட்டம் கலைந்ததும் என்னை மட்டும் நிறுத்தினார்.

“தம்பி, உங்க எழுத்தறை பன்னிரண்டு அடின்னு எழுதியிருந்தீங்களே.”

எழுதியிருந்தேன்தான். வாரப் பத்திரிகையில் நான் எழுதும் நகைச்சுவைப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்: பன்னிரண்டு அடி நீள எழுத்தறை, வேளச்சேரி ஏரியைப் பார்த்த ஜன்னல், தினமும் வந்து உட்காரும் ஒரு மீன்கொத்தி. வாசகர்கள் அந்த மீன்கொத்தியை நலம் விசாரிப்பார்கள். உண்மை என்னவென்றால் எங்கள் வீட்டில் எழுத்தறை என்று எதுவும் கிடையாது. இரண்டு படுக்கையறை வீடு. நான் எழுதுவது சாப்பாட்டு மேஜையில், ஊறுகாய் ஜாடிக்கும் மாத்திரை டப்பாவுக்கும் நடுவில். ஜன்னலைத் திறந்தால் அடுத்த பிளாக்கின் துணிக்கொடி. மீன்கொத்தி நான் பெற்ற பிள்ளை.

“இரண்டு வருஷம் வச்சுக்க முடியுமா? உங்களைத்தான் கேட்கணும்னு தோணுச்சு” என்றார்.

இந்த இடத்தில் சாதாரண மனிதன் என்ன சொல்வான்? ‘அக்கா, அந்த அறை கப்சா’ என்று சொல்லிச் சிரித்திருப்பான். அவரும் சிரித்திருப்பார். வேறு வழி தேட அவருக்கு ஏழு மாதம் இருந்தது. அண்ணாச்சியிடம் மாடி இருக்கிறது, மாதா கோயிலில் கூடம் இருக்கிறது. நானோ, “அதுக்கென்ன அக்கா, தாராளமா” என்றேன். என் எழுத்தை நம்பி ஒருவர் ஒன்று கேட்டால் மறுக்க மனம் வருமா? அவ்வளவு அற்பம்.

அடுத்த வாரம் வாட்ஸப்பில் கேட்டார்: ‘லிஃப்ட் உள்ளளவு என்ன? படுக்கவைத்தே ஏற்ற வேண்டும். அதற்குத் தகுந்தபடி அறுக்கப் போகிறேன்.’

லிஃப்ட் என் வீட்டு வாசலில் இருந்து எட்டு தப்படி. நான் சாப்பாட்டு மேஜையில் இருந்தபடியே, ‘நாலடிக்கு நாலடி’ என்று பதில் அனுப்பினேன்.

அறுத்தார். பதினான்கு வருஷத்துப் பிளாட்பாரத்தைத் தம் கையாலேயே, மெல்லிய ரம்பத்தால், நாளுக்கு ஒரு ஜாண் வீதம். தீபாவளிக்கு அப்புறம் போன் செய்தார்.

“ஆச்சு தம்பி. ஒரு ஆள்கூட அடிபடல. ஹார்மோனியக்காரர் காலுக்குப் பக்கத்துல போச்சு கோடு. மூச்சைப் புடிச்சுக்கிட்டே அறுத்தேன்.”

“பிரமாதம் அக்கா.”

“எப்ப கொண்டுவரலாம்?”

மழை என்றேன். வேளச்சேரியில் மழை என்றால் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள், அது எங்கள் ஊருக்கு இயற்கை கொடுத்த வரம். மழை விட்டதும் மனைவிக்குக் கால் சுளுக்கு என்றேன். சுளுக்கியது உண்மை, மூன்று வருஷத்துக்கு முன்னால். மார்கழியில் கச்சேரி விமர்சனம், பிறகு பொங்கல், பிறகு பெண்ணுக்குப் பரீட்சை. ஞாயிறு கூட்டத்துக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர், “அவசரமில்ல தம்பி, கட்டி ரெடியா வச்சிருக்கேன். நீங்க சொல்றப்ப” என்பார். பிப்ரவரியில் இரண்டு முறை அவர் பெயர் போனில் மினுங்கியதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். மூன்றாம் முறை அந்த எண்ணிலிருந்து அழைப்பு வரவில்லை. அண்ணாச்சி எண்ணிலிருந்து வந்தது, மீதியை மேலே சொல்லிவிட்டேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் என் மீசையையே பார்த்துக்கொண்டு கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? டைனிங் டேபிளைத் தூக்கி அம்மா வீட்டுல போட்டுட்டா அந்தச் சுவரு பூரா காலி. தரையில உக்காந்து சாப்பிட்டா குறைஞ்சா போயிடுவோம்? நாளைக்கே போய் எடுத்துட்டு வாங்க.”

இவ்வளவுதான் விஷயம். ஏழு மாதமாக ஒரு வாக்கியம் தூரத்தில் இருந்திருக்கிறது தீர்வு.

மறுநாள் அக்காவின் தம்பி மகன் ஆல்வின் பேசினார். பெங்களூரில் இருப்பவர், நாற்பது வயது, நல்ல மனிதர். “அங்கிள், அத்தை பொதியெல்லாம் உங்களுக்குன்னு சொல்லியிருந்தாங்க. மாசக் கடைசிக்குள்ள வீட்டை ஒப்படைக்கணும். எப்ப எடுத்துக்கறீங்க?” குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றுக்குச் சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக டேப்பை எடுத்துக்கொண்டு போய் எங்கள் லிஃப்டை அளந்தேன்.

மூன்றடி இரண்டு அங்குலம். எப்படித் திருப்பினாலும், எந்தப் பக்கம் பிடித்தாலும் மூன்றடி இரண்டு அங்குலம்தான்.

நாலடிப் பலகைகள் படுக்கைவாட்டில் உள்ளே போகாது. சாய்த்தால் நானூறு பேரும் உதிர்ந்துவிடுவார்கள். என் பொய்யின் அளவுக்கு அந்தப் பெண்மணி தம் எழும்பூரை அறுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். லிஃப்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் படியில் ஏறிப் போனார்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். உட்கார்ந்திருந்தபோது அழுகை வந்தது, கூடவே கொஞ்சம் நிம்மதியும் வந்தது. வாங்கிக்கொள்ளாமல் இருக்க முதல்முறையாக ஒரு நிஜமான காரணம் கிடைத்துவிட்டதல்லவா? நாலு ஆள் வைத்துப் படி வழியாக ஏற்றலாமே என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. “நாலடிப் பலகைப்பா, எங்க லிஃப்டுல போகாது” என்றேன் ஆல்வினிடம். “ஓகே அங்கிள், பார்த்துக்கறேன்” என்றார். அண்ணாச்சி அப்போது கொள்முதலுக்காகச் சூரத் போயிருந்தார். அவருக்கு ஒரு போன் செய்திருக்கலாம். செய்தால், ‘உம்ம வீட்டுக்குப் போறதாத்தானே இருந்துச்சு, என்னவே ஆச்சு?’ என்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து அதையும் செய்யவில்லை.

நாலு நாள் தாங்கவில்லை எனக்கு. போய்ப் பார்த்தபோது பின்னறை காலி. மந்தைவெளிப் பக்கம் பழைய சாமான் வாங்கும் ஒரு காயலான் கடைக்காரர் எடுத்துப் போனதாக மாமி சொன்னாள். “கொலுவை யாராவது காயலான் கடைக்குப் போடுவாளோ? நேக்குத் தெரிஞ்சிருந்தா நானே வெச்சுண்டிருப்பேனே” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமியும் அதே தேதிக்குள் வீட்டைக் காலி செய்கிறவள்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அந்த பொம்மை பலகையா? பலகை அன்னிக்கே பந்தல்காரன் தூக்கினு பூட்டான் சார். நல்ல ப்ளைவுட்டு.”

“மேல இருந்ததெல்லாம்?”

“உளி வச்சு சொரண்டினோம். ஒட்டுன்னா ஒட்டு, இன்னா ஒட்டு போட்டுதோ அந்தம்மா, அரை நாளு ஆச்சு. குப்பை வண்டிக்குப் போட்டுட்டோம். ஏன் சார், உள்ள எதுனா மாட்டிக்கிச்சா?”

ஒன்றும் மாட்டிக்கொள்ளவில்லை என்றேன். தரையில் டீத்தூள் மண் கொஞ்சம் சிந்தியிருந்தது. அங்கேயே முட்டி போட்டுத் தேடினேன். ஒரு மணல் மூட்டைகூடக் கிடைக்கவில்லை. இந்தமுறை தூக்கிவிட ஆளில்லை. தராசைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

யுத்தத்தால் முடியாததை நான் செய்து முடித்தேன். அன்றைக்கு எழும்பூரில் இருந்த அத்தனை பேரும் ஏதோ ஒரு ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இவர்கள் பெருங்குடிக் குப்பைமேட்டுக்குப் போனார்கள். அக்காவுக்கு ஒதுக்கியிருந்த வீடும் பெருங்குடிதான். கணக்குப்படி எல்லோரும் ஒரே ஊருக்குக் குடிபோவதாகத்தான் இருந்தது. இந்த வரியை ஒரு நகைச்சுவை எழுத்தாளன் எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டு அடிக்க மனம் வரவில்லை, அதுதான் என் தொழில் எனக்குச் செய்திருக்கும் கேடு.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது என்ன என்று சொல்லித்தான் இத்தகைய கட்டுரையை முடிப்பார்கள். பொருளாக எதுவும் இல்லை. ஒரு பழக்கம் இருக்கிறது. பறக்கும் ரயிலுக்கு வேளச்சேரி பிளாட்பாரத்தில் காத்திருக்கும்போது என்னையறியாமல் குனிந்து, ஒன்பது வயது உயரத்திலிருந்து கூட்டத்தைப் பார்க்கிறேன். மடிக்கணினிப் பைகள், டிபன் கேரியர்கள், தொங்கும் கைகள். “இன்னா சார், எதுனா தொலைச்சுட்டியா?” என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லி வைக்கிறேன்.

இதுவரை எழுதி முடித்துப் பத்திரிகைக்கு அனுப்பக் கீழே இறங்கினேன். முப்பதாம் நாள் பூசையில் கொடுத்த, அக்காவின் படம் போட்ட அட்டை கையில் இருந்தது. எங்கள் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

“அட, இந்த அம்மாவா? செத்துப் பூட்டாங்களா?”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தீபாவளிக்கு முன்னாடி ஒரு நாளு வந்துச்சு சார், டேப் எடுத்துக்கினு. நம்ம லிஃப்டை மூணு தபா அளந்துச்சு. மேல போறியாம்மான்னேன். வேணாம், சாரு எழுதிக்கினு இருப்பாருன்னுச்சு. உங்க வூட்டுல எழுதற ரூம்பு எந்தப் பக்கம் கீதுன்னு கேட்டுச்சு. அப்டிலாம் ரூம்பு இல்லியே, ரெண்டு பெட்ரூம்புதானேன்னேன். சிரிச்சுக்கினே அளவை நோட்டுல எழுதிச்சு. ‘ரெண்டே முக்கால் அடியா அறுத்துட்டா தாராளமா பூந்துடும்’னு சொல்லிக்கினே போச்சு சார்.”